ஒன்பதாம் நம்பரின் நடுக்கம்

ஏற்காட்டில், ஏரிக்கு இறங்குகிற சரிவில், ஒரு வீடியோ கேம் கூடம் இருந்தது. இருபத்திரண்டு மெஷின்கள். அத்தனையையும் ஓட வைத்துக்கொண்டிருந்தது இரண்டே பேர்.

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் மெஹருன்னிசா. எட்டு மாதக் கர்ப்பம். சீடருக்கு வயது ஐம்பத்தொன்று. பெயர் இன்னாசி. குரு, சீடர் என்பதெல்லாம் நான் வைத்த பெயர்கள். அவர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள். இன்னாசி அவரை 'வாத்தியாரம்மா' என்பார். மெஹர் இவரை 'அண்ணே' என்பார்.

இன்னாசி ஒரு காலத்தில் மின்கம்பம் ஏறியவர். காண்ட்ராக்ட் வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், கம்பத்தின் மேலே அவருடைய கூட்டாளி செங்கோடன். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர். லைன் ஆஃப் என்றுதான் சொன்னார்கள். யாரோ போட்டுவிட்டார்கள். இன்னாசி அண்ணாந்து பார்த்தார். அதற்கு மேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

அன்றிலிருந்து வீட்டில் பிளக் மாட்டுவதுகூட அவர் மனைவிதான். பிறகு ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்றால், வேறு வேலை அவருக்குத் தெரியாது.

வந்த நாளே ஒரு நிபந்தனை போட்டார். ஆஃபில் இருக்கிற மெஷினைத்தான் தொடுவேன். மெஹர் சரி என்றார். இன்னாசி பிளக்கைப் பிடுங்குவார். ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டெஸ்டரை மூன்று தடவை வைத்துப் பார்ப்பார். வேலை முடிந்ததும் கறுப்பு டேப்பை எடுத்து எதிரில் பட்டதையெல்லாம் சுற்றுவார். வாரத்துக்கு ஒரு சுருள் காலியாகும். டிக்கெட் கவுண்டரில் இருக்கிற பெண் அவருக்கு 'டேப்பு அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய, பயம் பேரைக் கேட்டா வருகிறது?

மெஹரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இடது கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் இருக்கும். நடந்தாலும் அப்படித்தான், மெஷினுக்கு முன்னால் குனிந்தாலும் அப்படித்தான். பாவம், இடுப்பு வலி என்று நினைத்து இன்னாசி ஒரு புட்டி தைலம் வாங்கிக் கொடுத்தார். மெஹர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

அந்த வாரம் ஒன்பதாம் நம்பருக்கு நடுக்கம் வந்தது.

ஒன்பதாம் நம்பர் பந்து உருட்டுகிற மெஷின். பலகையின் நடுவில் சாத்துக்குடி அளவில் ஒரு பந்து பதிந்திருக்கும். பாதி வெளியே, பாதி உள்ளே. உள்ளங்கையால் உருட்டினால் திரையில் அம்புக்குறி அந்தப் பக்கம் ஓடும். திங்கட்கிழமைவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. செவ்வாயன்று மேலும் கீழும் போனது, இடமும் வலமும் போகவில்லை. எவ்வளவு வேகமாக உருட்டினாலும் நின்ற இடத்திலேயே நின்று நடுங்கியது.

சனிக்கிழமை காலை. வெளியே பனி இறங்கி ஏரியே தெரியவில்லை. கூடம் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மெஹரின் கணவர் வண்டியோடு வருவார். பிரசவத்துக்கு ஆத்தூர். திரும்பி வர நாலு மாதம் ஆகும்.

அந்த நாலு மாதமும், ஓடுகிற மெஷினைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். இன்னாசியால் முடியாது என்றால் சேலத்திலிருந்து வேறு ஆள் வந்துவிடுவார் என்று மேனேஜர் முந்தின நாளே சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னாசிக்கு இன்னும் வலித்தது.

"நான் கெளம்பிடறேன் வாத்தியாரம்மா," என்றார்.

"எங்க?"

"வீட்டுக்குத்தான். இந்த வேலை எனக்கு ஆவாது."

"சரிங்கண்ணே. ஒம்பதாம் நம்பர் என்ன ஆச்சு?"

"பந்தைச் சோப்புப் போட்டுக் கழுவுனேன். அடியில உருள்ற ரோலரை மாத்துனேன். பேரிங்கை மாத்துனேன். நீங்க ஆன் பண்ணா அப்பவும் நடுங்குது."

"எல்லாம் ஆஃப்லயா?"

"ஆஃப்லதான்."

"ஆஃப்ல நடுங்குச்சா?"

"ஆஃப்ல எப்படி நடுங்கும்? படமே வராதே."

"அப்ப நாலு நாளா எதைப் பாத்தீங்க?"

இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார். அப்படியே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பயம் எப்படிப் போகும்?"

மெஹர் ஒன்பதாம் நம்பரின் பின்கதவைத் திறந்தார். பிளக்கை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார்.

மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. உள்ளே தூசி சூடாகிற வாசனை. இன்னாசி இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பழைய பிக்சர் டியூப். அதன் பின்புறத்தைத் தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். கீழே, சுவரிலிருந்து வருகிற கரண்டு நேராக இறங்குகிற பெட்டி. அதற்கு ஒரு சாண் மேலே பந்தின் அடிப்பாகம். பந்துக்குப் போவது அஞ்சே வோல்ட். பச்சைக்குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த அஞ்சு வோல்ட்டிடம் போகிற கை மற்ற இரண்டுக்கும் நடுவில் புகுந்துதான் போக வேண்டும். ஆகவே இன்னாசியின் பயத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். நானாக இருந்தால் கூடத்துக்கு வெளியே நின்றிருப்பேன்.

மெஹர் ரப்பர் பாயை இழுத்துப் போட்டு அதன்மேல் மெதுவாக மண்டியிட்டார். இடது கை வழக்கம்போல இடுப்புக்குப் பின்னால் போனது.

"நீங்க எதுக்குக் குனியறீங்க?" என்றார் இன்னாசி.

"வேற யாரு குனியறது?"

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு..."

"புள்ள இருக்கறது எனக்கும் தெரியும்ணே."

வலது கை கதவுக்குள் நுழைந்தது. மணிக்கட்டு மறைந்தது. கூடத்துக்குள் நின்றிருந்த இன்னாசி சட்டென்று அந்தக் கம்பத்தடியில் நின்றார். கையில் ஈரக் கயிறு. மேலே பார்க்கக் கூடாது, மேலே பார்க்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. மெஹரின் முழங்கை மறைந்தது.

"நிறுத்துங்க!"

அவருடைய சத்தம் அவருக்கே பயமாக இருந்தது.

"கையை எடுங்க. நான் பாக்கறேன்."

மெஹர் உடனே கையை எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"வாங்க," என்றார்.

இன்னாசி செருப்பைக் கழற்றப் போனார். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவர் மாதிரி.

"செருப்பு இருக்கட்டும்ணே. ரப்பர் செருப்புதானே? நல்லது."

மண்டியிட்டார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டன. இரண்டும் நடுங்கின.

"இடது கையைப் பின்னாடி வையுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு கையும் உள்ள போனா, ஒரு கையில ஏறி இன்னொரு கையில எறங்கும். நடுவுல நெஞ்சு இருக்கு. ஒரு கை வெளிய இருந்தா அந்த வழி அடைபடும்."

இன்னாசி கம்பத்தில் இரண்டு கையாலும் பிடித்தே பழகியவர். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"ரெண்டு கையும் நடுங்குதே வாத்தியாரம்மா."

"ஒரு கைக்கு இப்ப வேலை இருக்கு. நடுங்கற வேலையை மத்ததுகிட்ட விட்டுடுங்க."

இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. அங்கே போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. மெஹர் தன் செல்போனில் கேமராவைத் திறந்து அவருடைய வலது கையில் கொடுத்தார்.

"பந்துக்குப் பக்கத்துல பல்லு பல்லா ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதுக்கு ரெண்டு கண்ணு. ஒவ்வொரு கண்ணுக்கும் எதிர்ல ஒரு பொட்டு வெளிச்சம் எரியணும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது. போனுக்குத் தெரியும்."

"எரியலைன்னா?"

"பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போன் முதலில் உள்ளே போனது. பிறகு விரல்கள். பிறகு மணிக்கட்டு. டியூப் மெல்லிசாகச் சீறிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த முடியெல்லாம் அதன் பக்கம் எழுந்து நின்றது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. ஜெபமாலை சொல்ல ஆரம்பித்து, 'அருள் நிறைந்த மரியே'யோடு நின்றுவிட்டார். அடுத்த வரி வரவில்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. கை ஆடுது."

"ஆடட்டும். நான் இங்கதான் இருக்கேன். ஸ்விட்ச் என் கையில இருக்கு."

அதைக் கேட்டதும் இன்னாசிக்கு மூச்சு வந்தது. ஏழு வருஷத்தில் யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது. அன்றைக்கு அந்த மழையில் ஸ்விட்ச் யார் கையில் இருந்தது என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

போன் கொஞ்சம் நிதானப்பட்டது.

"ஒரு பொட்டு தெரியுது. ஊதாக் கலர்ல."

"இன்னொண்ணு?"

"இல்ல. ஒண்ணுதான். இன்னொண்ணு செத்துப்போச்சு போல."

"செத்துப்போச்சா, மறைஞ்சிருக்கா?"

இன்னாசி போனைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஒரு கண்ணு மட்டும் இருந்தா பந்து உருளுதுன்னு தெரியும்ணே," என்றார் மெஹர். "எந்தப் பக்கம் உருளுதுன்னு தெரியாது. அதுக்கு ரெண்டாவது கண்ணு வேணும். அது இல்லாமத்தான் இந்தப் பக்கமும் போகாம அந்தப் பக்கமும் போகாம நின்ன எடத்துல நடுங்குது."

தன்னைத்தான் சொல்கிறாரோ என்று இன்னாசிக்குச் சுருக்கென்றது. மெஹர் மெஷினைத்தான் சொன்னார்.

போனை இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே தள்ளினார். திரையில் ஊதாப் பொட்டு பெரிதாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், இன்னொரு பொட்டு இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஏதோ மடிந்து கிடந்தது. பளபளப்பான கறுப்பு. அதன் ஓரத்தில் பல்லால் கடித்துக் கிழித்த அடையாளம்.

இன்னாசி கையை வெளியே எடுத்தார். போனைப் பாயில் வைத்தார். முகத்து வேர்வையைத் துடைத்தார்.

"என் டேப்பு," என்றார்.

மெஹர் ஸ்டூலில் முன்னால் நகர்ந்தார்.

"திங்கக்கெழம ஒரு வயர்ல தோல் உரிஞ்சிருந்துச்சு. சுத்தி விட்டேன். அது பத்தாதுன்னு பக்கத்துல இருந்ததையும் சுத்துனேன். நாலு நாளும் அந்தப் பக்கம் மட்டும் நான் பிரிக்கவே இல்ல. அங்கதான் பத்திரமா இருக்குன்னு நெனச்சேன்."

அவமானத்தில் காது சிவந்துவிட்டது. கவுண்டர்ப் பெண் கேட்டிருந்தால் வருஷம் முழுக்கச் சிரித்திருப்பாள். நல்லவேளை, அவள் இன்னும் வரவில்லை.

"இப்ப ஆஃப் பண்றேன்," என்றார் மெஹர்.

"ஆஃப்லயா? நீங்கதானே ஆன்ல பாக்கச் சொன்னீங்க?"

"பாக்கறதுக்குக் கரண்டு வேணும். உரிக்கறதுக்கு எதுக்கு?"

ஸ்விட்ச் அணைந்தது. உறுமல் அடங்கியது. இன்னாசி பிளக்கைப் பிடுங்கினார், ஃபியூஸைப் பையில் போட்டார், டெஸ்டரை மூன்று தடவை வைத்தார். மெஹர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு இன்னாசி இரண்டு கைகளையும் உள்ளே விடப் போனார்.

"இடது கை."

"இப்பத்தான் ஆஃப் ஆயிடுச்சே?"

"ஆஃப் பண்ணாலும் டியூப்புல மிச்சம் நிக்கும்ணே. நாள் கணக்குல நிக்கும்."

இன்னாசி இரண்டு கைகளையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அப்ப இத்தனை நாளா ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு இருந்தேனே?"

"விட்டீங்க. டியூப்புல மிச்சம் நிக்கும்னு வந்த அன்னிக்கே சொன்னேன். நீங்க அப்ப பிளக்கையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"டியூப் பக்கம் நீங்க ஒரு நாளும் போகல. பயந்து ஒதுங்கியே இருந்தீங்க. அதனாலதான் நானும் சும்மா இருந்தேன்."

இன்னாசி இடது கையைப் பின்னால் கொண்டுபோனார். ஒரு கையால் டேப்பை உரிப்பது லேசான காரியம் இல்லை. நகத்தால் சுரண்டி, நுனியைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக இழுத்தார். கால் மணி நேரம் ஆனது. பாயில் ஒரு கறுப்புப் பந்து சேர்ந்தது. கடைசியில் அந்தப் பழைய வயர் வெளியே தெரிந்தது.

"தோல் உரிஞ்ச எடம் எவ்ளோ?" என்று மெஹர் கேட்டார்.

"ஒரு நகக்கண் அளவு."

மெஹர் சுருளை நீட்டினார். இன்னாசி வழக்கம்போல ஒரு முழம் இழுத்தார். மெஹரின் முகத்தைப் பார்த்தார். பாதியாகக் குறைத்தார். மறுபடி பார்த்தார். கடைசியில் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டைக் கடித்துக் கிழித்து, அந்த வயரில் மட்டும் ஒட்டினார். பையிலிருந்த ஃபியூஸைத் திரும்பப் போட்டார்.

"பிளக்கை மாட்டுங்க," என்றார் மெஹர்.

இது இன்னொரு மலை. இன்னாசி பிளக்கைக் கையில் எடுத்தார். ஏழு வருஷமாக அவர் பிடுங்கியிருக்கிறார், மாட்டியதில்லை. சுவரின் மூன்று ஓட்டைகளும் அவரைப் பார்த்தன. கையை நீட்டினார், எடுத்தார். பனி ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. மெஹர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சீக்கிரம் என்றும் சொல்லவில்லை.

இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு பிளக்கைச் செருகினார். பிறகு கண்ணைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார்.

மெஷின் எழுந்தது. படம் வந்தது. அம்புக்குறி நடுவில் நின்றது.

உள்ளங்கையைப் பந்தின்மேல் வைத்து இடப்பக்கம் உருட்டினார். அம்புக்குறி ஓடி விளிம்பைத் தொட்டது. வலப்பக்கம் உருட்டினார். அந்த விளிம்பையும் தொட்டது. நடுங்கவில்லை. இன்னாசி இன்னொரு தடவை உருட்டினார். இன்னொரு தடவை. அழுதுகொண்டே உருட்டினார். ஐம்பத்தொரு வயது ஆள் விளையாட்டு மெஷின்முன் நின்று அழுவது பார்க்க நன்றாக இருக்காதுதான். பார்த்தது மெஹர் மட்டும். அவரும் கறுப்பு டேப்பைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

சாவிக்கொத்தை மெஹர் இன்னாசியிடம் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். அப்போதும் கை நடுங்கியது. சாவிகள் கிலுகிலு என்றன. அவருக்கே அது கேட்டது.

"வாத்தியாரம்மா, மெஷின் நடுக்கம் நின்னுடுச்சு. என்னோடது நிக்கலையே."

மெஹர் படியில் நின்றார்.

"காலையிலயே கேட்டேன், நீங்க பதில் சொல்லல," என்றார் இன்னாசி. "உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு. பயமே இல்லாம உள்ள கையை விடறீங்க. உங்களுக்கு எத்தனை வருஷத்துல போச்சு?"

"நீங்க வந்ததுலேர்ந்து என் இடது கை எங்க இருக்குன்னு பாத்திருக்கீங்களாண்ணே?"

"பாத்திருக்கேனே. இடுப்புல. வலின்னுதானே தைலம் வாங்கிக் குடுத்தேன்."

மெஹர் சிரித்தார். அந்தக் கை அப்போதும் அங்கேதான் இருந்தது.

"இடுப்பு வலி வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. கை பதினோரு வருஷமா அங்கதான் நடுங்கிக்கிட்டு இருக்கு."